அந்த ஐந்து பேரில் உன் பெயர் இல்லை

செல்வி,

உன் வேலை உத்தரவை நீ சத்தமாகப் படித்துக் காட்டிய அன்று நான் பாதியிலேயே எழுந்து அடுப்பங்கரைக்குள் போய்விட்டேன். நீ ஓசூருக்குப் போவதை நினைத்து எனக்கு அழுகை வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு பின்னாலேயே வந்தாய். தோளைப் பிடித்து, "மாசத்துக்கு ஒருவாட்டி வந்துடுவேம்மா" என்றாய். நானும் தலையாட்டி வைத்தேன். நான் எழுந்து போனதற்குக் காரணம் அதுவல்ல. அந்தக் காகிதத்தில் இருந்த ஒரு வரி: அரசுப் பள்ளிகளில் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களை உயர்கல்விக்கும் வேலைக்கும் தயார்படுத்துவது. இதே வேலையைச் செய்ய ஒருத்தி நம் ஊர்ப் பள்ளிக்கு வந்தாள். பிரமிளா மிஸ். ஒரு வியாழக்கிழமை அவள் திடீரென்று நின்றுபோனதற்குக் காரணம் என்ன என்று எத்தனை முறை என்னிடம் கேட்டிருக்கிறாய்! எனக்குத் தெரியாது என்றே ஐந்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்குத் தெரியும். அவளை அனுப்பியது நான்தான்.

நேரில் சொல்ல இரண்டு தரம் முயன்றேன். நீ முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது என்னால் முடியவில்லை. இன்று வார விடுமுறை. வண்டி எண்ணும் உள்ளே வந்த நேரமும் மட்டுமே எழுதிப் பழகிய கை இது. எழுத்து முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் எதையும் சந்தேகப்படுகிறவள் என்று நீ சிரிப்பாய். இலவசமாகக் கண் பரிசோதனை செய்ய வேன் வந்தால்கூட, "இவனுக்கு இதுல இன்னா லாபம்?" என்று நான் கேட்டதை உன் சிநேகிதிகளிடம் நடித்துக் காட்டுவாய். அந்தக் கேள்வி எனக்குப் பிறவியிலேயே இருந்ததில்லை. வல்லம் வடகால் பக்கம் கம்பெனிக்காக வயல்களில் கல் நட வந்தவர்கள் மைக் வைத்து, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை என்று சொன்னபோது கைதட்டியவர்களில் நானும் ஒருத்தி. உன் அப்பா ஒரகடம் சாலையில் லாரி மோதிப் போன பிறகு அந்த வார்த்தையை நம்பித்தான் கம்பெனி வாசலில் போய் நின்றேன். வேலை கிடைத்தது. நீல பேன்ட், நீல சட்டை, கையில் ஒரு சோதனைக் கருவி. கம்பெனி வேலைகூட இல்லை. கான்ட்ராக்ட். உள்ளே போகும் பெண்களையும் வெளியே வரும் பெண்களையும் தடவிப் பார்த்து அனுப்ப வேண்டும். பத்தாவது தேறியிருந்ததால் பதிவேடும் என் கைக்கு வந்தது. சொன்ன வார்த்தை ஒன்று, கொடுத்த வேலை வேறு. அதற்குப் பிறகுதான் யார் எதைக் கொண்டுவந்து நீட்டினாலும் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தொடங்கினேன்.

கேட்டில் சோதனைக்காகக் கட்டியிருக்கும் பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு ஷிப்டுக்கு எத்தனையோ பெண்கள் வந்து என் முன்னால் இரண்டு கையையும் தூக்கி நிற்பார்கள். தூத்துக்குடிப் பக்கம், ராமநாதபுரம் பக்கம், சிவகங்கைப் பக்கம் என்று எங்கெங்கிருந்தோ வந்து ஸ்ரீபெரும்புதூர் விடுதிகளில் தங்கியிருக்கும் பிள்ளைகள். எல்லாம் பதினெட்டு, பத்தொன்பது வயது. கையைத் தூக்கி நிற்கிற விதத்திலேயே அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, அழுதாளா என்று எனக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொருத்தியின் மேலும் கை வைக்கும்போது என் மகள் இந்தத் திரைக்குள் வரக் கூடாது என்று மட்டும் நினைப்பேன். ஒரு நாளைக்கு அத்தனை தடவை நினைத்தால் அது ஒரு வெறியாகவே ஆகிவிடுகிறது, செல்வி. இதை நீ தெரிந்துகொண்டு மேலே படி.

நீ பிளஸ் ஒன்னில் இருந்தபோது பிரமிளா மிஸ் வந்தாள். மதுரைப் பக்கத்துப் பெண். இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும். பருத்திப் புடவை, கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சார்ட் பேப்பர் சுருள்கள். ஏதோ ஒரு அறக்கட்டளை அனுப்பியதாகச் சொன்னார்கள். நீ வந்து "இனிமே வாரத்துல ரெண்டு நாளு கேரியர் கிளாஸ்" என்றபோது, "கேரியர்னா? சாப்பாட்டு கேரியரா?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். படித்து முடித்து என்ன வேலைக்குப் போகலாம், அதற்கு எந்தக் கல்லூரியில் என்ன படிக்க வேண்டும், எப்படி விண்ணப்பம் எழுத வேண்டும், நாலு பேர் முன்னால் எப்படிப் பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற வகுப்பு என்றாய். எங்கள் காலத்தில் அப்படி ஒன்று கிடையாது. பாஸ் செய்தால் அடுத்த வகுப்பு, இல்லாவிட்டால் கல்யாணம்.

வகுப்பு நன்றாகத்தான் நடந்தது. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வாலாஜாபாத்தில் ஒரு வங்கிக்குள் உங்களைக் கூட்டிப் போய் உட்கார வைத்தாள். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முழு நாள் நிற்க வைத்தாள். வகுப்பு நடுவே ஒரு போனைக் கையில் கொடுத்து, ஏதாவது ஒரு கல்லூரி அலுவலகத்துக்குப் பேசி விண்ணப்பம் எப்போது கொடுப்பார்கள் என்று கேட்கச் சொன்னாள். நீ வீட்டுக்கு வந்து, "ஃபர்ஸ்ட்டு என் கொரலே வெளிய வர்ல. அப்பறம் அந்த ஆளு, 'சொல்லும்மா'ன்னாரு. அவ்ளோதாம்மா, அப்பறம் கேட்டுட்டேன்" என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அதற்கு முன்னால் நீ கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கவே என்னைத்தான் அனுப்புவாய்.

உனக்குத் தெரிந்த ஒருவரிடம் அவருடைய வேலையைப் பற்றிப் பேட்டி எடுத்து வர வேண்டும் என்று ஒரு பாடம் கொடுத்தாள். நீ என்னை உட்கார வைத்து, நோட்டைத் திறந்து, "ஒருத்தர சோதன போடும்போது நீங்க மனசுல இன்னா நெனைப்பீங்க?" என்று கேட்டாய். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றும் நினைக்க மாட்டேன் என்றேன். நீயும் அப்படியே எழுதிக்கொண்டாய். ஆனால் நீ போன பிறகு எனக்கு வேறு யோசனை ஓடியது. எந்தப் பிள்ளையின் அம்மா எங்கே வேலை செய்கிறாள், கேட்டில் என்ன நடக்கிறது என்றெல்லாம் இவளுக்கு எதற்கு? வங்கியும் ஆஸ்பத்திரியும் காட்டுகிறவளுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? மனசில் ஒரு முள் போல அது கிடந்தது.

பிறகு ஒரு நாள் நீ ஓடி வந்து, இன்றைக்கு ஒரு போட்டி வைத்தார்கள், நான்தான் முதல் என்றாய். ஒரு பலகையில் வரிசையாக ஓட்டைகள். கிண்ணத்தில் சின்னச் சின்ன கம்பிகள். மணி பார்த்து, ஒரு நிமிஷத்தில் யார் அதிகம் சொருகுகிறார்கள் என்று பார்த்தார்களாம்.

"எதுக்காம் அது?"

"யார் யாருக்கு இன்னா தெறமை கீதுன்னு பாக்குறதுக்காம். என் கை மெஷின் மாரி போவுதுன்னு மிஸ்ஸே சொன்னாங்க. ராணிக்கு பாதிகூட வர்ல."

உனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அந்தப் பலகையை எனக்குத் தெரியும். ஆள் எடுக்கும் நாட்களில் கேட்டுக்குப் பக்கத்து அறையில், கண்ணாடிக்கு அந்தப்பக்கம், பெண்களை உட்கார வைத்து அதே பலகையில்தான் கம்பி சொருகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு பெற்றோர் கையெழுத்துக்கென்று நீ ஒரு ஃபாரத்தை நீட்டினாய். 'என் எதிர்காலம்' என்று மேலே போட்டிருந்தது. எந்தப் பாடம் பிடிக்கும், என்ன ஆக ஆசை என்று முன்பக்கம் முழுக்க நல்ல கேள்விகள். பின்பக்கம் திருப்பினேன். உயரம். கண் பார்வை. நிறங்களைப் பிரித்தறிவதில் குறை உண்டா. எட்டு மணி நேரம் நின்று வேலை செய்ய இயலுமா. வீட்டில் திருமணப் பேச்சு நடக்கிறதா. விடுதியில் தங்க சமதமா.

சம்மதமா என்பதில் ஒரு 'ம்' விட்டுப் போயிருந்தது. அந்தப் பிழையையும் நான் பார்த்திருக்கிறேன். ஆள் எடுக்கும் நாளில் வருகிற பெண்களுக்கு எடுத்துக் கொடுக்கச் சொல்லி என் மேஜையில் ஒரு கட்டு ஃபாரம் வைப்பார்கள். அதிலும் 'சமதமா'தான்.

மறுநாள் டியூட்டி முடிந்து வரும்போது அதில் ஒன்றை மடித்து காலுறைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன். சோதனை போடுகிறவளை யாரும் சரியாகச் சோதனை போடுவதில்லை. என் வாழ்க்கையில் நான் திருடியது அந்த ஒரு காகிதம்தான். வீட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உன் ஃபாரத்தின் பின்பக்கமும் கம்பெனி ஃபாரமும் வரிக்கு வரி ஒன்று. பதினாறு வயதுப் பிள்ளைகளைப் பள்ளியிலேயே எண்ணி, அளந்து, பிரித்து வைக்கிறார்கள். பிளஸ் டூ முடித்ததும் வேனில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. நான் சந்தேகப்பட்டது சரி, செல்வி. இன்றைக்கும் அதில் எனக்கு மாற்று எண்ணம் இல்லை.

ஆனால் அத்தோடு முடியவில்லை. அடுத்த வாரம் திங்கட்கிழமை வகுப்புச் சுவரில் இரண்டு பட்டியல் ஒட்டியிருப்பதாக நீ சொன்னாய். ஒன்று 'வேலைக்குத் தயார்'. அதில் முதல் பெயர் உன்னுடையது. இன்னொன்றில் ஐந்து பேர். சென்னையில் ஒரு கல்லூரியில் சனிக்கிழமை தேர்வு. தேறினால் பிளஸ் டூ முடித்ததும் விடுதியோடு படிக்க இடம் கிடைக்கும். பிரமிளா மிஸ்ஸே அழைத்துப் போகிறாள். அந்த ஐந்தில் ராணி பெயர் இருந்தது. கோயில் தெருவுக்குப் பின்னால், சர்ச் பக்கத்தில் குடியிருந்த கொத்தனார் சவரியின் மூத்த பெண் சகாயராணி. ஒன்றாம் வகுப்பிலிருந்து உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். உனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. அவளிடம் நல்ல துணி இல்லை என்று உன் மெரூன் சுடிதாரை எடுத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தாய்.

புதன்கிழமை நான் இரண்டு ஃபாரங்களையும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். அவர் படித்துவிட்டு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இத எங்கம்மா எடுத்தீங்க?"

"அத கேக்காதீங்க சார். கல்யாணப் பேச்சு நடக்குதான்னு கேட்டுகீறாங்க. படிக்கிற பொண்ணாண்ட இத இன்னாத்துக்கு சார் கேக்கணும்?"

"சரி, ஒரு பெட்டிஷனா எழுதிக் குடுங்க. மேல அனுப்பறேன். விசாரிக்கட்டும்."

"எழுத மாட்டேன் சார். என் பேரு வெளிய வந்தா என் வேல பூடும்."

"அப்ப நான் என்னம்மா செய்யறது?"

"அந்த மிஸ்ஸ கூப்ட்டு கேளுங்க சார், இது எங்க போவுதுன்னு."

அவர் கேட்கவில்லை. பெயரில்லாத புகார், கம்பெனி விவகாரம், நாளைக்குப் பேப்பரில் வந்தால் தன் தலையில் விடியும் என்று பயந்திருப்பார். வியாழக்கிழமை காலையில் வகுப்பையே நிறுத்திவிட்டார். பிரமிளா மிஸ் தன் சார்ட் பேப்பர்களைச் சுருட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். சாயங்காலம் நீ அழுதுகொண்டு வந்தாய். உள்ளுக்குள் எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. சனிக்கிழமை ராணி நம் வீட்டுக்கு வந்தாள். போடாத சுடிதாரை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். நீ அப்போது தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாய்.

"ஆன்ட்டி, மிஸ் எதுனா தப்பு பண்ணிட்டாங்களா?"

"யாருக்குத் தெரியும்?" என்றேன்.

இப்போது கேள். இதுதான் நான் எழுத உட்கார்ந்த விஷயம். மற்றதெல்லாம் இதற்காகத்தான். புதன்கிழமை நான் அந்த அறைக்குள் நுழைந்தபோது சனிக்கிழமைத் தேர்வு இருப்பது எனக்குத் தெரியும். ராணி போகிறாள் என்பது தெரியும். ஐந்து நாள் பொறுத்திருக்கலாம். திங்கட்கிழமை போய்ச் சொல்லியிருந்தால் அந்த ஐந்து பேரும் தேர்வு எழுதிவிட்டு வந்திருப்பார்கள். ஃபாரம் எங்கேயும் ஓடிப் போகாது. நான் பொறுக்கவில்லை. ஏன் என்று அன்றைக்கு என்னையே கேட்டிருந்தால், இன்னும் இரண்டு ஃபாரம் போய்விடும், அதற்குள் தடுக்க வேண்டும் என்று ஏதாவது சொல்லியிருப்பேன். உண்மை அதுவல்ல. அந்த ஐந்து பேரில் உன் பெயர் இல்லை. என் மகளைக் கம்பிப் பலகையில் வைத்துவிட்டு இன்னொருத்தி மகளைக் கல்லூரிக்குக் கூட்டிப் போகிறாயா என்று எனக்குள் எரிந்தது. ஊருக்கெல்லாம் சந்தேகப்படுகிறவள், அந்தப் புதன்கிழமை என்னை நானே சந்தேகப்படவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததில் ஒரு பாதி உனக்குத் தெரியும். உன்னைக் காஞ்சிபுரத்தில் கல்லூரியில் சேர்க்க நான் எந்தெந்த அலுவலகத்தில் நின்றேன் என்பது தெரியும். மறு பாதியை நான் சொல்லவே இல்லை. பிளஸ் டூ முடிந்து, பதினெட்டு நிரம்பியதும் ராணி என் கேட்டுக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு தங்கைகள், சவரிக்கு முதுகு வலி. ஆள் எடுக்கும் நாள். என் மேஜையிலிருந்து அந்த ஃபாரத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். "கருப்புப் பேனாவா ஆன்ட்டி, நீலமா?" என்று கேட்டாள். எதில் வேண்டுமானாலும் எழுது என்றேன். கம்பிப் பலகை இருந்த அறையைக் கையால் காட்டினேன். பாதிகூட வராத அந்தக் கை, எப்படியோ அன்றைக்குத் தேறிவிட்டது.

மூன்று வருஷம் அவள் தினமும் என் முன்னால் வந்து கையைத் தூக்கி நின்றாள். உள்ளே வேலை செய்யும்போது போடும் தொப்பியைக் கழற்றாமலே, "அவ இன்னா ஆன்ட்டி, காலேஜ்ல மேடையேறிலாம் பேசுறாளாமே?" என்று கேட்பாள். நான் அவள் பையைத் திறந்து பார்ப்பேன். டிபன் டப்பா, தண்ணீர் பாட்டில், கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டிய போன். தேய்ந்துபோன ஒரு பொது அறிவுப் புத்தகம். ஒரு வருஷத்துக்கு மேல் அது இருந்தது. பிறகு இல்லை. ராணி கம்பெனியில் இருக்கிறாள் என்று உனக்குத் தெரியும். தினமும் அவளைத் தடவிப் பார்த்து அனுப்புவது நான்தான் என்பதை மட்டும் நீ கேட்கும்போதெல்லாம் ஷிப்ட் வேறு என்று தட்டிக் கழித்தேன்.

போன வருஷம் பிரமிளா மிஸ் வந்தாள். விருந்தினர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முன்பைவிட இளைத்திருந்தாள். வேறு ஒரு நிறுவனம், வேறு அட்டை. உள்ளே யாரையோ பார்க்க வந்திருந்தாள். திரைக்குள் அழைத்துப் பையைத் திறந்தேன். மேலே ஒரு கட்டு ஃபாரம். என்னை அறியாமல் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்பினேன். வெறுமையாக இருந்தது.

"நீங்க செல்வி அம்மாதானே?" என்றாள். "ஹெட்மாஸ்டர் அன்னிக்கே சொல்லிட்டாரு. யாருன்னு பேர் சொல்லல, கேட்ல வேல பாக்குற ஒரு அம்மான்னாரு. செல்வி எடுத்த பேட்டிய நான் படிச்சிருக்கேனே."

அந்த ஃபாரத்தைக் கட்டுக்குள் திருப்பி வைத்தேன். பிறகு கேட்டேன், "அந்த ஃபாரம்லாம் எங்கம்மா போச்சு?"

"எனக்குத் தெரியாதுன்னு சொன்னா நம்புவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப கேக்காதீங்க." பையை மூடித் தோளில் மாட்டிக்கொண்டாள். போகும்போது திரும்பி, "பின்பக்கத்த நான் படிச்சுப் பாக்கல. அது என் தப்பு. ஆனா நீங்க முன்பக்கத்தப் படிக்கவே இல்ல" என்றாள்.

அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று இந்த நிமிஷம் வரை எனக்கு முடிவு வரவில்லை. தெரிந்து செய்தவள் இப்படி நேராகப் பேசுவாளா என்று ஒரு நாள் நினைப்பேன். தெரிந்து செய்தவள்தான் இப்படிப் பேசுவாள் என்று மறுநாள் நினைப்பேன். ஒன்று மட்டும் நிச்சயம். உனக்கு போனில் பேசக் கற்றுக் கொடுத்தவள் அவள். இன்றைக்கு நீ முன்பின் தெரியாத ஊருக்குப் போய் வகுப்பு எடுக்கப் போகிற தைரியத்தை உனக்கு நான் கொடுக்கவில்லை.

இப்போது நீ அவள் இடத்தில் நிற்கப் போகிறாய். உன் பையிலும் ஃபாரம் இருக்கும். உனக்குச் சம்பளம் கொடுக்கிறவர்களை நான் நம்பவில்லை. நீயும் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே. எந்தக் காகிதத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்தாலும் முதலில் நீ இரண்டு பக்கமும் படி. இதை யார் படிக்கப் போகிறார்கள், எந்த அலமாரியில் போய்ச் சேரும் என்று கேள். பதில் வரும்வரை கேள். அந்தப் பதிலைப் பிள்ளைகளிடமும் சொல், அவர்கள் அம்மாக்களிடமும் சொல். அம்மாக்களில் ஒருத்தி என்னை மாதிரி ஓரமாக நின்று முறைத்துக்கொண்டிருப்பாள். அவளைக் கூப்பிட்டு உட்கார வை. பதினாறு வயதுப் பிள்ளையின் பெயரை எந்தப் பட்டியலிலும் எழுதிச் சுவரில் ஒட்டாதே. கை வேகமாக இருப்பவளுக்குப் படிப்பு வராது என்று யார் முடிவு செய்தது? நீயே அதற்குச் சாட்சி. எங்காவது தப்பு கண்ணில் பட்டால் வாயைத் திற. ஆனால் உன் பெயரைப் போட்டுத் திற. அன்றைக்கு நான் கையெழுத்துப் போட்டிருந்தால் யாராவது வந்து விசாரித்திருப்பார்கள். ஃபாரத்தைத் தூக்கி எறிந்துவிட்டு வகுப்பை விட்டு வைத்திருப்பார்கள். பெயரில்லாமல் சொன்னதால் எல்லாமே போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை குன்றத்தூர் போயிருந்தேன். கோயிலுக்கு என்று உன்னிடம் சொன்னேன். ராணியும் அவள் தங்கைகளும் மலையடிவாரத்தில் ஒரு வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். மூத்த தங்கை நர்சிங் படிக்கிறாள். ராணி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் பதறிப்போய், "இன்னா ஆன்ட்டி, செல்விக்கு எதுனா?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஃபாரத்திலிருந்து தொடங்கினேன், புதன்கிழமையைச் சொன்னேன், சனிக்கிழமை தெரிந்தே செய்தேன் என்றும் சொன்னேன். ஏன் என்பதையும் மறைக்கவில்லை.

அவள் கையிலிருந்த ஈரத் துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"பரீட்ச எழுதியிருந்தா பாஸ் பண்ணியிருப்பேனான்னு எனக்குத் தெரியாது ஆன்ட்டி. அது பூட்ச்சு. ஆனா மூணு வருஷம் தெனம் என் மேல கை வெச்சு பாத்தீங்களே. ஒரு நாளு கூடவா சொல்லணும்னு தோணல?"

தோன்றியது என்று சொன்னால் இன்னும் கேவலம். தோன்றவில்லை என்றால் பொய்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"சொல்லிடுங்க. நீங்க சொல்லாத வரிக்கும் நான் அவளாண்ட எப்டி பேசுறது? போன் வந்தா எடுக்கணுமே." கீழே தங்கை படியேறி வரும் சத்தம் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துணியை உதறிக் கொடியில் போட்டாள். எனக்குக் காபி கொடுக்கவில்லை. கொடுக்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. படி இறங்கும்போது மட்டும் மேலிருந்து குரல் கொடுத்தாள், "திங்கக்கெழம எத்தினி மணிக்கு பஸ்ஸு அவளுக்கு?"

ஆறரை என்று சொன்னேன்.

அவள் வருவாள் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கு வரைக்கும் அவள் உன்னை வழியனுப்ப வராமல் இருந்ததில்லை. இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் வைக்கப் போவதில்லை. ஓசூரில் போய்ப் பிரித்துப் படித்தால் எனக்கு வசதி. உனக்கு அல்ல, ராணிக்கும் அல்ல. அதனால் இன்று நீ வெளியே போய்விட்டு வந்ததும் உன் கையிலேயே கொடுப்பேன். கொடுத்துவிட்டு நான் பக்கத்து வீட்டில் இருப்பேன். படித்து முடித்ததும் முதலில் அவளுக்கு போன் செய். என்னிடம் பேசுவதற்கு அவசரம் இல்லை. நாளைக் காலை பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் இரண்டு பேர் மட்டும் போதுமா, நானும் வரலாமா என்பதை மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு. வேண்டாம் என்றால் வர மாட்டேன்.

அம்மா